மாட்டு வண்டிக்குக் கீழே ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

சாமான் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் இதை வாசிப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போன மாதம் உங்கள் கந்தோருக்கு வந்து நாற்பது நிமிடம் கதிரையில் இருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் பதினொரு பேர் வாகனச் சாமான் கேட்டு வந்தார்கள். பதினொரு பேரிடமும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "நம்பர் என்ன?" நம்பர் சொன்னவனுக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தீர்கள். சொல்லாதவனைத் திருப்பி அனுப்பினீர்கள். ஒருவராவது பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. வாகனத்தில் என்ன குறை என்று ஒருவராவது கேட்கவில்லை. இந்த வேலைக்கு ஆள் எதற்கு? அலுமாரிக்குக் கை முளைத்தால் போதும்.

கோபிக்க வேண்டாம். உங்களைவிடப் பெரிய மடையன் ஒருவனை எனக்குத் தெரியும். எஸ்.எஸ்.சி. சோதனையில் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றவன். வவுனியாவில் கண்டி வீதியோரம் இருந்த ஒரு கராஜில் சாமான் அறைக்குப் பொறுப்பான கிளாக்கராக இருந்தவன். ஆணி முதல் அக்சில் வரை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதிக் கட்டி வைத்தவன். தன் அட்டையைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் நம்பாதவன். அந்த மடையன் நான்தான். ஒரு பகல் பொழுதில் இரண்டு உயிர்களை நான் கொல்லப் பார்த்த கதை இது.

அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டிலிருந்து கார் வருவது நின்றுபோயிருந்தது. காரே வராதபோது அதன் சாமான் எங்கிருந்து வரும்? ஒரு லொறியை உயிரோடு வைத்திருக்க இரண்டு லொறிகளைப் பிணமாக்கினோம். லொறிக்காவது பிணம் கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கு வன்னியில் பிணம் எங்கே தேடுவது?

அப்படி ஒரு காரை வைத்திருந்தவர் முல்லைத்தீவுப் பக்கத்தில் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றை நடத்திய அப்போதிக்கரி. முழு டாக்டர் அல்ல. ஆனால் அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அவர்தான் டாக்டர். மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறியபோது விட்டுப்போன கார். இரண்டு ஆசனம். கூரை இல்லை. வயிறு தரையிலிருந்து ஆறு அங்குலம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஒரு மைலுக்குள் நான் எண்ணிய குழிகள் அறுபத்திரண்டு. அந்த வீதியில் ஓட ஒரு படித்த மனிதர் ஆறு அங்குல உயரக் காரை வாங்குவாரா? வாங்கினார். வாங்கியதோடு நில்லாமல் மாதம் ஒருமுறை கழுவி மினுக்கிக்கொண்டு எங்களிடம் வந்து, "சத்தம் ஒண்டு கேக்குது" என்பார். ஒன்றல்ல, ஒன்பது சத்தம் கேட்கும். ஒன்பதையும் நான் எழுதி வைத்திருந்தேன்.

அதில் ஒன்று மோசமானது. அந்தக் காரின் கம்பிச் சில்லுகளை லொறியைப் போலப் பல நட்டுகள் பிடித்திருக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு பெரிய நட், தேங்காய் அளவில், இரண்டு காதுகளோடு. சுத்தியலால் காதில் தட்டி இறுக்குவது. சில்லு போய் உட்காரும் இரும்புக் குடத்தைச் சுற்றிப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள்தான் சில்லை இழுத்துச் சுழற்றும். அப்போதிக்கரியின் காரில் பின்பக்கக் குடங்கள் இரண்டிலும் பற்கள் தேய்ந்து கிழவன் வாயாகிவிட்டன. எஞ்சின் கத்தும், சில்லு யோசித்துவிட்டுத்தான் சுற்றும்.

கொழும்புக் கடைகளுக்குப் பதினான்கு கடிதம் எழுதினேன். ஒன்பது பதில் வந்தது. எட்டில் "இல்லை". ஒன்பதாவது கடைக்காரன் காரை மாற்றும்படி ஆலோசனை சொல்லியிருந்தான். தன்னை ஞானி என்று நினைத்திருப்பான்.

பிறகு ஒரு நாள் வேறு அலுவலாக முல்லைத்தீவுக்குப் போனேன். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கடற்கரையிலிருந்து கருவாட்டு வண்டி ஒன்று ஏறி வந்தது. இரண்டு மாடு, மேலே பன்னிரண்டு சாக்கு. கீழே மரச்சில்லு இல்லை. கம்பிச்சில்லு. நடுவில் ஒரே ஒரு பெரிய நட், இரண்டு காதுகளோடு.

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். வண்டி ஒரு கருவாட்டு வியாபாரியின் வளவுக்குள் போய் நின்றதும், உத்தரவு கேட்காமல் அதன் கீழே புகுந்துவிட்டேன். அதே இனத்துக் காரின் முழுப் பின் அக்சில், சில்லுகளைத் தாங்கும் அச்சு. எந்தக் காலத்திலோ யாரோ புளியமரத்தில் மோதி விட்டுப்போன கார். உடம்பு துருவாகி, அக்சில் மட்டும் மாட்டுக்குப் பின்னால் உயிர்வாழ்ந்தது. மாடு இழுக்கிற வண்டியில் சில்லுக்குப் பின்னால் எஞ்சின் இல்லை. ஆகவே பற்கள் தேயவில்லை. புதிதாக நின்றன.

"என்ன தம்பி, என்ட வண்டிக்குக் கீழ படுத்திருந்து என்ன பாக்கிறீங்க? மாடு உதைச்சா நான் பொறுப்பில்ல" என்றது ஒரு குரல். வியாபாரி. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, இந்த அக்சில் எனக்கு வேணும். பதிலுக்கு நல்ல லொறி அக்சில் ஒண்டு, சில்லோடை தாறன்."

"மாட்டுக்கு லொறியெண்டா என்ன, துரைமாரிட காரெண்டா என்ன. வண்டி உருண்டாச் சரி. ஆனா ஒண்டு தம்பி, இதிட நட்டு ஓயாமக் கழண்டு கழண்டு போகும். நாலு தரம் சந்தையடியில சில்லு ஓடிட்டுது. அதனாலதான் கம்பியால கட்டி வச்சிரிக்கன், பாருங்க."

பார்த்தேன். இரண்டு நட்டுகளையும் வேலிக் கம்பியால் ஏழு சுற்றுச் சுற்றி, காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நானா, உங்கடை ஆக்களுக்கு இறுக்கத் தெரியாது. அதுதான் கழண்டது."

"அப்பிடியும் இரிக்கலாம்" என்றார். என்னைவிட அறிவுள்ளவர்.

மறு கிழமை லொறியில் போய் அக்சிலை மாற்றிக் கொடுத்தேன். நானே குறடு பிடித்து அந்தக் கம்பியை வெட்டி எறிந்தேன். வண்டியின் இடப்பக்கத்துக் குடத்திலும் நட்டிலும் "இடது" என்றும், வலப்பக்கத்தவற்றில் "வலது" என்றும் அட்டை எழுதி, இரட்டை முடிச்சுப் போட்டேன். அட்டை எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. அக்சிலின் நடுவில் எஞ்சின் தண்டு வந்து பூட்டும் இரும்பு மூக்கு, காரில் முன்னால் பார்க்க வேண்டியது, வண்டியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் வைத்தால் ஏர்க்காலில் முட்டும் என்று தச்சன் அக்சிலையே திருப்பிப் போட்டிருக்கிறான். நல்ல மூளை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, வண்டியின் இடப்பக்கத்தில் இருந்ததற்கு "இடது" என்று எழுதினேன்.

திருப்பிப் போட்ட அக்சிலில் வண்டியின் இடது, காரின் வலது. பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் விஷயம். கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றவனுக்கு விளங்கவில்லை.

சாமானைப் பூட்டியவர் எங்கள் கராஜின் தலைமை மெக்கானிக். பாஸ் என்போம். வன்னியில் ஓடிய லொறிகளில் பாதியாவது அவர் கைபட்டவை. காரின் பழைய நட்டுகள் துருப்பிடித்து அசையாததால் உளியால் வெட்டி எடுத்தார். என் அட்டையைப் பார்த்து இடதை இடதிலும் வலதை வலதிலும் பூட்டினார். நட்டைத் திருப்பிப் பார்த்தார். இடப்பக்க நட் இடப்பக்கம் திருப்பினால் இறுகியது, வலது, வலம்.

"லொறி மாதிரியேதான் கிளாக்கர்" என்றார் திருப்தியோடு. "இடது பக்கத்துக்கு இடது மரை. சரியாத்தான் எழுதியிருக்கிறீர்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்து லொறியில் அது உண்மை. இடப்பக்கச் சில்லின் நட்டுகளுக்கு இடது மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் புரி; ஓட ஓட இறுகும். வன்னியில் லொறிக்குக் கீழே படுத்த ஒவ்வொருவனுக்கும் அது பெயரைப் போலப் பாடம். ஆனால் நடுவில் ஒற்றை நட் உள்ள அந்தக் கார்களில் விதி நேர்மாறு. இடப்பக்கத்தில் வலது மரை, வலப்பக்கத்தில் இடது மரை. மாறிப் பூட்டினால் ஓட ஓடத் தானே அவிழும். என் அட்டை பிழை. பாஸின் அறிவு அந்தக் காருக்குப் பிழை. இரண்டு பிழையும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டன. ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஆமோதித்தால் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிற உங்கள் கூட்டத்துக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். காரின் முன்சில்லுகள் இரண்டும் சரியான நட்டோடு எங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றன. அவற்றைத் தொட்டுப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

காரை எடுக்க அப்போதிக்கரி பஸ்ஸில் வந்தார். தனியே வரவில்லை, மாமியாரும் வந்தார். முல்லைத்தீவுக் கரையில் மூன்று வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்து நாற்பது பேரை வேலை வாங்கிய மனுசி. கண்ணிமையில் வந்த கட்டி ஒன்றை வவுனியாவில் அன்று காலையில்தான் வெட்டியிருந்தார்கள். ஒரு கண்ணில் பஞ்சும் துணியும். கழுத்தில் செபமாலை. மிச்சமிருந்த ஒரு கண்ணால் காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"மருமோன், இது காரோ, சவப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டினதோ?"

"ஏறுங்கோ மாமி. வெள்ளைக்காரத் துரை ஓடின கார்."

"ஓடினவர் சரி. ஏன் விட்டிட்டுப் போனவர் எண்டு கேட்டனீரோ?"

பாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா ஏறவில்லை. இறங்கினார் என்றுதான் சொல்லவேண்டும், அவ்வளவு பள்ளம். இருந்ததும் என்னைப் பார்த்து, "தம்பி, இதெல்லாம் நல்லா இறுக்கிக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"பயப்பிடாதையுங்கோ அம்மா. நான் எண்ணிப் பாத்தனான்" என்றேன்.

எதை எண்ணினேன்? நட்டுகளை. இரண்டு. எண்ணிக்கை சரி.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கார் புறப்பட்டது. நான் உள்ளே போய்ப் பழைய குடங்களை இருப்புக் கொப்பியில் பதிய எடுத்தேன். பாஸ் அவற்றில் வெள்ளைக்கட்டியால் எந்தப் பக்கம் என்று குறித்திருந்தார். "வலது" என்று இருந்த பழைய குடத்தைத் துடைத்தேன். துருவுக்குக் கீழே மரை தெரிந்தது. சாய்வு பிழையாக இருந்தது. உளியால் வெட்டிய பழைய நட்டின் துண்டை அதில் வைத்துத் திருப்பினேன். இடப்பக்கம் திருப்பினால்தான் பிடித்தது.

வலப்பக்கக் குடம், இடது மரை.

சில நொடிகள் பாஸ் வெள்ளைக்கட்டியைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மனம் முதலில் அடுத்தவனைத்தான் பிடிக்கும். பிறகு அந்த வேலிக் கம்பி ஞாபகம் வந்தது. நாலு தரம் சில்லு ஓடிய வண்டி. பின்னால் பார்த்த இரும்பு மூக்கு. கம்பியை அவர் கட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை எனக்கு வாயாலும் சொன்னார். நான் அதைக் குறடால் வெட்டி எறிந்தேன்.

"பாஸ், குடம் ரண்டும் மாறிப் போச்சு. நட்டு அவிழப் போகுது."

"விசரே கிளாக்கர்? லொறி மாதிரித்தானே…"

"அது லொறி இல்லை, பாஸ்."

பழைய குடத்தையும் நட்டுத் துண்டையும் அவர் கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். "லொறியை எடுத்துத் துரத்துவம்" என்றார்.

எங்கள் லொறி இருபத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போனால் பாட்டுப் பாடும். இருபது நிமிடத்துக்கு முன் போன ஸ்போர்ட்ஸ் காரை அது முல்லைத்தீவுக் கடலில்தான் பிடிக்கும். தபாற்கந்தோரில் ரெலிபோன் கேட்டால் மூன்று பேருக்குப் பின்னால் நிற்கவேண்டும். அதற்கு மேல் மாங்குளத்தில் யாருக்கு எடுப்பது? யோசிக்க நேரம் இருந்தபோது யோசிக்காதவனுக்கு, நேரம் இல்லாதபோது மூளை நன்றாக வேலை செய்தது. ரயில் பாதை வீதியோடு சேர்ந்துதான் வடக்கே போகிறது. ஒவ்வொரு ஸ்ரேசனிலும் ரெலிபோன் உண்டு. ஸ்ரேசனுக்கு ஓடினேன்.

ஓடும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்தேன்: ரயில் கடவையில் கார் ஒன்று மாட்டப்போகிறது என்று. நல்ல பொய். உடனே வேலை செய்திருக்கும். ஸ்ரேசன் மாஸ்ரருக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அந்தப் பொய்யும் இன்னொரு பிழையான அட்டை என்று பட்டது. உள்ளதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது ரயில்வே ரெலிபோன், காணும். ரோட்டிலை சில்லு கழண்டால் கராஜிலை போய்ச் சொல்லும்."

"கராஜிலையிருந்துதான் வாறன் ஐயா. என்ரை பிழை. நான் எழுதின அட்டை மாறிப் போச்சு."

"உம்மடை பிழையெண்டு எழுதித் தருவீரோ? நாளைக்கு மேலிடம் ஏன் எடுத்தனீர் எண்டு கேட்டால் எனக்குக் கடுதாசி வேணும்."

எழுதினால் என் வேலை போகும் என்று தெரியும். நான்கு வரி எழுதிக் கையெழுத்து வைத்தேன். நேரமும் போட்டேன்: பத்து முப்பது. அவர் அதை ஒருமுறை வாசித்துவிட்டுக் குழாயைத் தூக்கினார்.

"எங்கை மறிக்கிறது?"

என் கணிதம் ஆயத்தமாக இருந்தது. "மாங்குளத்திலை ஐயா. அவர் நாற்பதுக்குக் குறைய ஓடமாட்டார். இருபத்தைஞ்சு நிமிசம். பதினாறு மைலுக்கு மேலை போயிருப்பார். புளியங்குளம் தாண்டியிருக்கும்."

"தனியவோ போறார்?"

"இல்லை. மாமியாரும் இருக்கிறா."

அவர் தலையை நிமிர்த்தினார். "பெஞ்சாதியின்ரை தாயோ?"

"ஓம்."

"கூரை இல்லாத கார் எண்டீர்?"

"ஓம். கண்ணிலை கட்டும் போட்டிருக்கு."

"பின்னை என்ன காணும் நாற்பது? கண்ணுக்குக் கட்டுப் போட்ட மாமியைக் கூரையில்லாத காரிலை வைச்சுக்கொண்டு எந்த மருமோன் நாற்பதிலை ஓடுவான்? அவர் இன்னும் ஓமந்தையும் தாண்டியிருக்க மாட்டார்."

புளியங்குளத்துக்கு எடுத்தார். ஸ்ரேசன் போட்டரைச் சிவப்புக் கொடியோடு கண்டி வீதியில் நிறுத்தச் சொன்னார். பிறகு, என் முகத்துக்காக, மாங்குளத்துக்கும் எடுத்தார்.

நான் அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். சுவரில் மணிக்கூடு. நிமிடங்களை எண்ணினேன், எண்ணுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? ஐந்து. ஒன்பது. நாற்பதில் ஓடியிருந்தால் கனகராயன்குளத்துக் காட்டுக்குள் இந்நேரம் சில்லு ஒரு பக்கமும் கார் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். பதினான்கு. ஆசனத்துக்கு உள்ளே இறங்கிய அந்த அம்மா எப்படி வெளியே வருவார்? பதினெட்டாவது நிமிடத்தில் மணி அடித்தது. ஸ்ரேசன் மாஸ்ரர் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுக் குழாயை மெதுவாக வைத்தார்.

"நிப்பாட்டியாச்சு. மனுசி இறங்கி நிண்டு போட்டரைப் பேசுதாம், ஏன் ரோட்டுக்கு நடுவிலை நிக்கிறாய் எண்டு."

நான் கராஜுக்குத் திரும்பி ஓடினேன்.

சுத்தியல், குறடு முதலிய ஆயுதங்களோடு பாஸும் நானும் லொறியில் போனோம். லொறி ஓமந்தையைத் தாண்டியது. பிறகு பாஸ் சொன்னார்: "கிளாக்கர், நீர் வாய் திறக்காதையும். நானா வண்டியிலை கண்டபடி பூட்டி வைச்சிருந்ததாலை வந்த வினை எண்டு நான் சொல்லுறன். அவர் இஞ்சை இல்லைத்தானே."

பாஸ் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். நானும் பயந்துதான் இருந்தேன். இல்லாத ஒருவர்மேல் போடுவது அவ்வளவு சுகம். இன்றைக்கும் உங்கள் கந்தோரில் நடக்கிற பாதி வேலை அதுதான். போன மாதம் அந்த நாற்பது நிமிடத்தில் "கொழும்பு பிழையா அனுப்பிட்டுது" என்று ஆறு தரம் கேட்டேன்.

புளியங்குளத்தில் கார் மரநிழலில் நின்றது. பாஸ் குனிந்து வலப்பக்கப் பின்சில்லின் நட்டில் கை வைத்தார். முழுதாக எட்டுச் சுற்றுப் பிடிக்கவேண்டிய நட். சுத்தியல் இல்லாமல், வெறுங்கையால், இரண்டு சுற்றில் கழன்று அவர் கைக்குள் விழுந்தது. இடப்பக்கத்தில் நான்கு சுற்று மிச்சம். அப்போதிக்கரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாஸ் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். வண்டி, திருப்பிப் போட்ட அக்சில், என் அட்டை, நானா சொன்ன கதை, நான் வெட்டிய கம்பி. ஒன்றையும் விடவில்லை.

அப்போதிக்கரி பாஸின் கையிலிருந்த நட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்ரை ஆஸ்பத்திரியிலை மருந்துப் போத்திலுக்கு லேபிள் மாத்தி ஒட்டினால் அதுக்கு என்ன பேர் தெரியுமோ?" என்றார்.

"தெரியும் ஐயா."

அவ்வளவுதான். அவர் அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குடங்களைக் கழற்றிப் பக்கம் மாற்றிப் பூட்ட ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. முடிந்ததும் மாமியார் ஸ்ரேசன் வாங்கிலிருந்து எழும்பி வந்தார். நான் சொன்னதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. அப்போதிக்கரி கதவைத் திறந்து பிடித்தார். அவர் ஏறவில்லை. வலப்பக்கப் பின்சில்லடியில் நின்ற என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்த நட்டு எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும்?"

"இடப்பக்கம் அம்மா."

"அங்காலை கிடக்கிறது?"

"வலப்பக்கம்."

"நிச்சயமோ?"

"ஓம்" என்பது பல்லுவரை வந்துவிட்டது. அன்று காலையிலும் அப்படித்தான் வந்தது. அதை விழுங்கினேன். பாஸிடம் சுத்தியலை வாங்கிக்கொண்டு முன்சில்லுக்குப் போய் மண்ணில் முழங்காலை ஊன்றினேன். துரையின் காலத்திலிருந்து யாரும் பக்கம் மாற்றாத நட். காதில் தட்டி அவிழ்த்தேன், எந்தத் திக்கில் அவிழ்கிறது என்று பார்த்தேன், திரும்ப இறுக்கினேன். பிறகு அதே பக்கத்துப் பின்சில்லு, அதே திக்கு. பிறகு எழும்பிச் சுற்றிவந்து மறுபக்கத்து முன்சில்லு. பிறகு அதன் பின்சில்லு. அது முடியும்வரை அந்த அம்மா வெய்யிலில் நின்றார். ஒரு கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டு, சில்லுக்குச் சில்லு என் பின்னால் வந்தார்.

"இப்ப சொல்லும்" என்றார்.

"நிச்சயம் அம்மா."

அதற்குப் பிறகுதான் காரில் ஏறினார்.